உடலுக்குள் உருமாறும் அச்சுப் பொருள்கள்: புற்றுநோய் சிகிச்சைக்கு எப்போது கைகொடுக்கும்?

புதுடெல்லி: புற்றுநோய் செல் எது, நல்ல செல் எது என்று பிரித்தறியும் திறன் பெரும்பாலான கீமோதெரபி மருந்துகளுக்குக் கிடையாது. வேகமாகப் பிளவுபடும் செல்கள் அனைத்தையும் அவை தாக்குகின்றன. நோயாளிக்கு முடி உதிர்வதும், வாய்ப்புண் உண்டாவதும், இரத்த அணுக்கள் குறைவதும் இதனால்தான். கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் மருந்தை வெளியிட முடிந்தால் இந்தத் துன்பம் பெருமளவு குறையும். அதற்கான வழியைத் தேடும் ஆய்வுகளில் ஒன்றுதான் 'நாற்பரிமாண அச்சிடல்' எனப்படும் 4டி பிரிண்டிங்.

நான்காவது பரிமாணம் எது?

முப்பரிமாண அச்சிடலில் கணினி வரைபடத்தின்படி ஒரு பொருள் அடுக்கடுக்காக உருவாக்கப்படுகிறது. அச்சிட்ட பின் அதன் வடிவம் மாறுவதில்லை. நாற்பரிமாண அச்சிடலில் நான்காவது பரிமாணமாகக் காலம் சேர்கிறது. வெப்பம், ஈரம், ஒளி, காந்தப்புலம், அமிலத்தன்மை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மாறும்போது, அச்சிட்ட பொருள் முன்கூட்டியே தீர்மானித்த வேறொரு வடிவத்தைத் தானாகவே அடைகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஸ்கைலர் டிபிட்ஸ் 2013-ஆம் ஆண்டில் இக்கருத்தைப் பரவலாக அறிமுகப்படுத்தினார்.

உடலுக்குள் வடிவம் மாறும் பொருள் மருத்துவத்துக்குப் புதிதன்று. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்னும் உலோகக் கலவையாலான ஸ்டென்ட், சுருக்கப்பட்ட நிலையில் உள்ளே செலுத்தப்பட்டு, உடல் வெப்பத்தில் விரிகிறது. உணவுக்குழாய்ப் புற்றுநோயால் விழுங்க முடியாமல் தவிப்போருக்கு அடைப்பை விலக்க இத்தகைய ஸ்டென்ட்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுகின்றன. ஒவ்வொரு நோயாளியின் உடலமைப்புக்கும் ஏற்ப வடிவமைத்தல், மருந்தை உள்ளே பொதிதல், வேலை முடிந்ததும் கரைந்துபோகச் செய்தல் ஆகியவற்றை அச்சிடல் முறை கூடுதலாகச் சாத்தியமாக்குகிறது.

வாய் திறக்கும் நுண்மீன்

இத்துறையில் பரவலாகப் பேசப்பட்ட ஆய்வு 2021-இல் சீன விஞ்ஞானிகளிடமிருந்து வந்தது. அமிலத்தன்மைக்கு ஏற்பச் சுருங்கி விரியும் ஹைட்ரோஜெல்லைக் கொண்டு, மீன் வடிவிலான நுண் ரோபோக்களை அவர்கள் லேசர் மூலம் அச்சிட்டனர். காந்தத்தால் இழுத்துச் செல்வதற்காக அவற்றில் இரும்பு ஆக்சைடு நுண்துகள்கள் சேர்க்கப்பட்டன. மீனின் வாய்க்குள் டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்து வைக்கப்பட்டது.

மனித இரத்தத்தின் பிஎச் அளவு சுமார் 7.4. கட்டியைச் சுற்றியுள்ள திசுக்களில், செல்கள் வெளியேற்றும் லாக்டிக் அமிலத்தால் அது பெரும்பாலும் 7-க்குக் கீழே இறங்குகிறது. இந்தச் சிறு வேறுபாடே மீனின் வாயைத் திறக்கும் சாவி. செயற்கை இரத்தக் குழாய்களின் வழியே காந்தத்தால் நகர்த்தப்பட்ட மீன்கள், புற்றுநோய் செல்கள் இருந்த பகுதியை அடைந்தன. அங்கு அமிலத்தன்மை கூட்டப்பட்டதும் வாய் திறந்து மருந்தை வெளியிட்டன. அருகிலிருந்த புற்றுநோய் செல்கள் அழிந்தன. டாக்சோரூபிசின் இதயத்தையும் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால், இதன் முக்கியத்துவம் விளங்கும்.

ஆயினும், இச்சோதனை நடந்தது ஆய்வகத் தட்டில்; மனித உடலில் அன்று. உண்மையான இரத்த நாளங்களில் செல்ல வேண்டுமெனில் ரோபோக்கள் மேலும் சிறியதாக வேண்டும். உடலுக்குள் அவை எங்கே உள்ளன என்பதைக் கண்காணிக்கத் தக்க படமெடுப்பு முறையும் தேவை. இவ்விரண்டையும் அந்த ஆய்வாளர்களே குறையாக ஒப்புக்கொண்டுள்ளனர். மேலும், அழற்சி ஏற்பட்ட சாதாரணத் திசுவிலும் அமிலத்தன்மை கூடுவதுண்டு. எனவே பிஎச் அளவை மட்டும் அடையாளமாகக் கொண்டால் மருந்து தவறான இடத்தில் வெளியாகும் அபாயம் இருக்கிறது.

இந்தியாவின் நிலை

பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள், தட்டையாக அச்சிட்ட ஜெல் தாள் ஈரம் பட்டதும் குழாயாகச் சுருண்டு, துண்டிக்கப்பட்ட நரம்பைத் தையலின்றிச் சூழ்ந்துகொள்ளும் முறையை எலிகளில் சோதித்துள்ளனர். இது நேரடியாகப் புற்றுநோய்க்கான ஆய்வு அன்று. எனினும், கட்டியை அகற்றும்போது சேதமடையும் நரம்புகளைச் சீரமைக்கும் எண்ணத்துக்கு இது அடித்தளமாகலாம்.

முப்பரிமாண அச்சிடலுக்கான தேசிய உத்தியை மத்திய அரசு 2022-இல் வெளியிட்டது. ஆனால், உடலுக்குள் சென்றபின் வடிவம் மாறி மருந்தையும் வெளியிடும் ஒன்றை மருந்தாகக் கருதுவதா, கருவியாகக் கருதுவதா என்பது எளிதில் தீரும் கேள்வி அன்று. மருத்துவக் கருவிகள் விதிகள் 2017, கருவிகளை அபாயத்தின் அடிப்படையில் நான்கு வகையாகப் பிரிக்கின்றன. சோதனைக் கூடத்தில் ஒரு வடிவிலும் உடலில் வேறொரு வடிவிலும் இருக்கும் பொருளின் தரத்தை எந்த நிலையில் அளப்பது என்பதற்கும் தெளிவான நெறிமுறை தேவைப்படும்.

விலை மற்றொரு கேள்வி. உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்டு 2023-இல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 செல் சிகிச்சையின் கட்டணம், வெளிநாட்டுக் கட்டணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அப்படியிருந்தும் அது சில பத்து லட்சம் ரூபாய் ஆகிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக அச்சிட வேண்டிய பொருள் எவருக்கு எட்டும் என்பதை ஆய்வுக் கட்டத்திலேயே சிந்திப்பது நல்லது.

நம்பிக்கையும் எச்சரிக்கையும்

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் உயிரிழந்தனர். மார்பகம், வாய், கருப்பை வாய் ஆகிய மூன்று வகைகளே இங்கு முன்னணியில் உள்ளன. இவை மூன்றையும் தொடக்கத்திலேயே கண்டறிய இயலும். இருந்தும் பலர் நோய் முற்றிய நிலையிலேயே மருத்துவமனைக்கு வருகின்றனர். மூன்று ஆண்டுகளில் அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அது முழுமையாக நிறைவேறுவது இன்றைய நோயாளிகளுக்கு உடனடிப் பயன் தரும்.

உருமாறும் பொருள்கள் நாளைய சிகிச்சைக்கான ஆய்வு. அதற்கு நிதியும் பொறுமையும் வேண்டும். இன்றைய நோயாளி, செய்தியில் படித்த புதுமைக்காகக் காத்திருந்து, கையிலுள்ள சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது.