பட்டை நல்லதா, மாத்திரை நல்லதா?

கிரிக்கெட் மட்டை வில்லோ மரத்தில் செய்யப்படுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். இம்மரத்தின் பட்டையை ஐரோப்பிய மக்கள் வலிக்கும் காய்ச்சலுக்கும் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். இன்றும் அது அங்கே மூலிகை மருந்தாக விற்கப்படுகிறது. “மாத்திரை இரசாயனம், பட்டை இயற்கை. ஆகவே பட்டை தீங்கற்றது” என்று சிலர் வாதிடுகின்றனர். இவ்வாதம் சரிதானா?

1763ஆம் ஆண்டில் எட்வர்டு ஸ்டோன் என்னும் இங்கிலாந்துப் பாதிரியார் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் ஒன்று எழுதினார். வில்லோ பட்டையை உலர்த்திப் பொடித்து, குளிர்காய்ச்சல் கண்ட சுமார் 50 பேருக்குக் கொடுத்ததாக அதில் தெரிவித்தார். ஈரமான நிலத்தில் வரும் நோய்க்கு மருந்தும் ஈரமான நிலத்திலேயே வளரும் என்று அவர் கருதினார். இக்கருத்து தவறானது. ஆயினும் அவர் கருத்தோடு நின்றுவிடவில்லை. சிறிதளவில் தொடங்கி, அளவைப் படிப்படியாகக் கூட்டி, விளைவைக் கவனித்தார். அவருடைய பெருமை இதில்தான் இருக்கிறது.

1828இல் மியூனிக் நகரில் புக்னர் என்பவர் பட்டையிலிருந்து சாலிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். உடலுக்குள் சென்றதும் இது சாலிசிலிக் அமிலமாக மாறுகிறது. இவ்வமிலத்தின் உறவுப் பொருளே ஆஸ்பிரின். 1897இல் ஜெர்மனியில் ஹாப்மன் அதனைத் தூய நிலையில் தயாரித்தார். எனவே பட்டையில் இருப்பதும் இரசாயனப் பொருளே அன்றோ!

பட்டையை ஏளனம் செய்வதும் தவறு. முதுகுவலி உள்ள 210 பேரிடம் நடத்திய சோதனை முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாள்தோறும் 240 மில்லிகிராம் சாலிசின் அடங்கிய பட்டைச் சாறு பெற்றவர்களில் 100க்கு 39 பேர் வலி நீங்கப் பெற்றனர். 120 மில்லிகிராம் பெற்றவர்களில் 21 பேரே. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 6 பேரே. அளவு மாறப் பயனும் மாறியதைக் கவனியுங்கள். மரத்திலிருந்து உரித்த பட்டையில் எவ்வளவு சாலிசின் உள்ளது என்பதோ மரத்துக்கு மரம் வேறுபடும்.

இன்னொன்றும் உண்டு. புளூ காய்ச்சலோ அம்மையோ கண்ட சிறுவர்கள் ஆஸ்பிரின் உட்கொண்டால் ரேய் நோய் என்ற கொடிய நோய் வரக்கூடும். அது கல்லீரலையும் மூளையையும் தாக்கும். வில்லோ பட்டையும் அதே குடும்பத்துப் பொருளைத் தருவதால் உங்கள் வயதினர் அதையும் தவிர்க்க வேண்டும்.

மாணவர்களே! யாரேனும் ஒரு மருந்தை “இயற்கையானது” என்று புகழ்ந்தால், “அதில் என்ன இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது? யாருக்கு ஆகாது?” என்று கேளுங்கள். மாத்திரைக்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள். விடை கிடைக்கும் மருந்தே நம்பத்தக்கது.