கூத்து எந்தக் கோப்பில்?

ஆயிரம் புகைப்படங்கள் இருந்தாலும் கட்டம் கட்டமாகத் திரையில் பரப்பினால் போதும், கல்யாணம் எது, காதுகுத்து எது என்று கண் சொல்லிவிடும். ஒலிப்பதிவு அப்படி மசியாது. ஒரு மணி நேரத்தைத் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் உட்கார் என்று அடம்பிடிக்கும்.

சில பதிவுகளுக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. ஆரோவில் ஒரு குரலில் தொடங்கிய ஊர். 1968 பிப்ரவரி 28 அன்று, புதுச்சேரி ஆசிரமத்தில் தன் அறையில் இருந்தபடியே ஸ்ரீ அன்னை அந்த ஊரின் சாசனத்தைப் பிரெஞ்சில் வாசித்தார். அப்போது அவருக்கு 90 வயது. செம்மண் பொட்டலில் கூடியிருந்தவர்களுக்கு அதை நேரடியாகக் கொண்டுவந்து சேர்த்தது ஆல் இந்தியா ரேடியோ. யார், எங்கே, என்றைக்கு, என்ன பேசினார் என்பதெல்லாம் எழுத்தில் இருப்பதால் அந்தக் குரலை யாரும் தேடித் தவிக்க வேண்டியதில்லை. மரக்காணம், திண்டிவனம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் கூத்துக்கு அந்த யோகம் கிடையாது.

கூத்துப் பித்துள்ள நண்பர் ஒருவரின் ஹார்ட் டிஸ்க் இப்போது என் மேசையில் இருக்கிறது. உள்ளே எஸ்டிஇ-000, எஸ்டிஇ-001 என்று வரிசையாகக் கோப்புகள். கருவி தானாக வைத்த பெயர்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்று நல்ல தரத்தில் பதிந்தால் மணிக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். சில கருவிகள் 2 ஜிபி ஆனதும் புதுக் கோப்புக்குத் தாவிவிடும். ஆக, ஒரு ராத்திரிக் கூத்து நாலைந்து துண்டு. துகிலுரிதல் ஒன்றில் தொடங்கி இன்னொன்றில் முடியும்.

மேக் கணினியில் கோப்பைத் தேர்ந்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் எதையும் திறக்காமலே பாடிக் காட்டும்; 2007 முதல் இருக்கிற வசதி. விண்டோஸ்காரர்களுக்கு விஎல்சி போதும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு வலது அம்புக்குறியைத் தட்டினால் ஒரு நிமிடம் தாவும். பாட்டுக் கோப்புக்கு இது சரி. எட்டு மணி நேரக் கூத்தில் இப்படித் தாவிக்கொண்டே போனால் மறுபடி விடிந்துவிடும்.

அங்கேதான் கண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஒலி அலையாக விரியும். மேளக்கட்டு தடித்த பட்டையாகத் தெரியும். கூத்துக் கோமாளியான கட்டியக்காரன் பேசும் இடம் துண்டு துண்டாக, நடுவில் ஜனங்களின் சிரிப்போடு. ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றினால் முகவீணை என்ற ஊதுகருவியின் ஒலி ஒன்றின்மேல் ஒன்றாகக் கோடுகளாய் அடுக்கி நிற்கும். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. தடித்த பட்டை முடிந்து பேச்சு தொடங்கும் இடத்தில் சொடுக்கி, ஒரு நிமிடம் கேட்டால் போதும். திரைக்குப் பின்னாலிருந்து பாடிவிட்டு வெளியே வரும் வேஷத்தைக் கட்டியக்காரன் யார் என்று கேட்பான். வந்தவர் தன் பேர், ஊர், பெருமை எல்லாவற்றையும் அவரே சொல்லிவிடுவார். துரியோதனனா கர்ணனா என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எந்த மென்பொருளும் இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பு எழுதுவதில்லை.

பறவை ஆர்வலர்களுக்கு வேறு தொல்லை. கழுவேலி நீர்நிலை 2021-இல் பறவைகள் சரணாலயமானது. அதுபோன்ற நீர்நிலை ஓரங்களில் கட்டி வைக்கும் ஆடியோமாத் என்ற சின்னக் கருவி, தேதியையும் நேரத்தையும் தானே கோப்பின் பெயரில் போட்டுவிடும். ஆனால் நாமாக மாற்றாவிட்டால் அது லண்டன் குளிர்கால நேரம். 003000 என்று இருந்தால் நடுராத்திரி அரை மணி என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தரை மணி கூட்டுங்கள், இங்கே காலை ஆறு.

பெயர் மாற்றுவதில் நான் கொஞ்சம் கறார். வருடம், மாதம், நாள் என்று எண்ணில் முதலில். பிறகு ஊர், ஜமா (கூத்துக் குழு), கதை. அப்போதுதான் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். கோப்புக்குள்ளேயே குறிப்பு எழுதலாமே என்பார்கள். வேவ் கோப்பில் எழுதியதை எல்லா மென்பொருளும் படிக்காது. எம்பி3-இன் பழைய முறையில் தலைப்புக்கு மொத்தமே 30 பைட் இடம்; யூனிகோடில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்றும் ஆறுமாகத் தின்றுவிடும், ‘அர்ச்சுனன் தபசு’கூட முழுசாக அடங்காது. புது முறையில் அந்தச் சிக்கல் இல்லை என்றாலும், கோப்பின் பெயரைத்தான் நான் நம்புகிறேன். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டுப் புதைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

அடுத்த பதிவுக்கு நண்பரிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். “பொத்தானை அழுத்தினதும் ஊரு, தேதி, ஜமா, கதை எல்லாத்தையும் வாயாலயே சொல்லிடுங்கண்ணே.” பத்து விநாடி வேலை. வெளியில் போய்ப் பதிவு செய்யும் ஒலிப்பதிவாளர்களுக்கு இது காலங்காலமான பழக்கம். அவருக்குத்தான் கூச்சம். “கூத்துக்கு நடுவுல என் குரல் எதுக்குப்பா?” என்கிறார்.