சிக்னல் இல்லாத வெளியில் வழி சொல்லும் படம்

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் அன்பர்கள் மூட்டை முடிச்சுக் கட்டுவதில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக் கூட ஒரு சிறு காரியத்தில் காட்டுவதில்லை. கைபேசியிலுள்ள வரைபடத்தை, இணையத் தொடர்பு அற்ற இடத்திலும் திறந்து பார்க்கத்தக்கவாறு புறப்படுமுன் இறக்கி வைத்துக்கொள்வதே அக்காரியம். ஏரவாடாவில் வீட்டு வாசலில் அமர்ந்து விரலால் தடவினால் உலகமே திரையில் விரிகிறது. வழியிலும் அவ்வாறே விரியும் என்று அநேகர் நம்பிவிடுகின்றனர். தௌண்டு கடந்து, சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல் என்று தென்கிழக்கே இறங்கும் நெடும்பாதையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். வேண்டிய நேரத்தில் திரையில் ஒரு வளையம் சுழன்றுகொண்டிருக்கும், படம் வராது.

இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. இரண்டு குழந்தைகளும் நான்கு மூட்டைகளுமாகத் தனியே செல்லும் ஒரு தாய், விடியற்காலை மூன்று மணிக்கு, இரண்டே நிமிடம் நிற்கும் சிறிய ஸ்டேஷனில் இறங்கவேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி தாமதமாக ஓடுகிறது. வெளியே இருள். பெட்டியின் விளக்குகள் அணைந்திருக்கின்றன. எதிரே படுத்திருப்பவரை எழுப்பிக் கேட்கக் கூச்சம். கேட்டாலும் அவருக்கும் தெரியாது. தன் ஊர் இன்னும் வரவில்லையா, கடந்து போய்விட்டதா? ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் நாம், இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு அடுத்த ஜங்ஷனில் கண்கலங்க நிற்கும் குடும்பங்களை அறிவோம். அவர்களுக்கு அப்பொழுது வேண்டியிருந்தது ஒரு புள்ளி, ‘இதோ இங்கே இருக்கிறாய்’ என்று காட்டும் ஒரு புள்ளி மாத்திரமே.

அந்தப் புள்ளிக்கு இணையம் தேவையில்லை என்பதைப் பலர் அறியார். இடம் காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றியவாறு ஓயாது சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. நம் கைபேசி அவற்றைக் கேட்கிறதேயன்றி, மறுமொழி ஏதும் அனுப்புவதில்லை. வானொலிப் பெட்டி பாட்டுக் கேட்பதைப் போன்றதே. நான்கு கோள்களின் குரல் கேட்டால் நாம் நிற்கும் இடம் கணக்கிடப்பட்டுவிடும். இதற்குக் கட்டணமும் இல்லை. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்த காலமும் உண்டு. 2000 மே மாதத்தில் அது நீக்கப்பட்டது. நம் நாடும் 2013 முதல் சொந்தமாக வழிகாட்டிக் கோள்களை ஏவி, அத்தொகுதிக்கு ‘நாவிக்’ என்று பெயரிட்டது.

ஆகவே புள்ளி வானத்திலிருந்து வந்துவிடும். வராதது, அப்புள்ளியை வைத்துப் பார்க்கவேண்டிய படம். அதைத்தான் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். கூகுள் மேப்ஸில் மேல் மூலையிலுள்ள நம் சொந்தப் படத்தைத் தொட்டால் ‘ஆஃப்லைன் மேப்ஸ்’ என்ற பகுதி தோன்றும். வேண்டிய பரப்பைச் சதுரமிட்டுக் காட்டி இறக்கிக்கொள்ளலாம். பரப்புப் பெரிதானால் கொள்ளும் இடமும் பெரிதாகும். எனவே வைஃபை கிடைக்கும் இடத்தில் இதைச் செய்வது உத்தமம். இப்படிச் சேமித்த படத்திற்கு ஆயுட்காலம் உண்டு. காலாவதியாவதற்குள் புதுப்பிக்கவேண்டும். சென்ற கோடையில் இறக்கியது இவ்வாண்டும் இருக்கும் என்று நம்பிப் புறப்படலாகாது.

கூகுள் தரும் ஆஃப்லைன் படத்தில் மற்றொரு குறையும் உண்டு. மோட்டாருக்கு வழி சொல்லும், நடப்பவனுக்குச் சொல்லாது. பஸ்ஸையும் சொல்லாது. சாலை நெரிசலும் தெரியாது. நம் குடும்பங்கள் பெரும்பாலும் பஸ்ஸிலும் காலிலும் செல்பவை ஆதலின், ‘ஆர்கானிக் மேப்ஸ்’, ‘ஆஸ்மாண்ட்’ முதலிய செயலிகளையும் பார்க்கலாம். அவை நடப்பதற்கும் இணையமின்றியே வழி காட்டும். இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டு ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய ‘ஓபன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் பொதுப் படத்தை அவை ஆதாரமாகக் கொண்டவை. அப்படத்தில் எவரும் தம் தெருவைச் சேர்க்கலாம்.

ரயிலுக்கென்றே உள்ள ‘வேர் இஸ் மை ட்ரெயின்’ என்ற செயலியை நம்மவர் பலர் வைத்திருக்கின்றனர். வண்டிக்குள் இருக்கையில் அது இணையமும் ஜி.பி.எஸ்ஸும் இன்றியே கைபேசிக் கோபுரங்களைக் கொண்டு வண்டியின் இடத்தை ஊகித்துச் சொல்லவல்லது. இறங்கும் ஸ்டேஷன் நெருங்கும்போது மணியடிக்கவும் செய்யும். ஆனால் மின்கலம் தீர்ந்துவிடுமே என்று கைபேசியை ‘ஏரோப்ளேன்’ நிலையில் போட்டுவிட்டால், கோபுரங்களின் தொடர்பு அறுந்து, அவ்வழி பயன்படாது போகும். அந்நிலையிலும் பெரும்பாலான கைபேசிகளில் ஜி.பி.எஸ். வேலை செய்யும் ஆதலால், இறக்கி வைத்த படம் உதவும். இரண்டையும் வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று. புள்ளியை முதன்முதலில் பிடிக்கக் கைபேசிக்குச் சற்று நேரம் வேண்டும். கோள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற விவரத்தை இணையம் இருந்தால் நொடியில் பெற்றுக்கொள்ளும். இல்லாவிடில் கோள்களிடமிருந்தே மெல்லக் கேட்டறிய வேண்டும், அதற்குச் சில நிமிடங்களும் ஆகலாம். எனவே புனே பிளாட்பாரத்தில் நிற்கும்போதே ‘லொகேஷன்’ பொத்தானைத் திறந்து படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். ஏ.ஸி. பெட்டியின் நடுப்படுக்கையிலிருந்து பார்ப்பதைவிட, ஜன்னலோரம் கைபேசியைக் காட்டினால் விரைவில் அகப்படும். பம்பாய் மார்க்கத்தில் 1863-இல் திறக்கப்பட்ட போர்காட் மலைப்பாதையின் குகைகளுக்குள் எவ்விதப் புள்ளியும் நகராது. வெளிவந்ததும் தாவிக்கொண்டு சரியான இடத்தில் நிற்கும். ராய்ச்சூருக்கு வடக்கே கிருஷ்ணை, தெற்கே துங்கபத்திரை ஆகிய இரு பாலங்களின் மேல் வண்டி செல்லும்போது குழந்தைகளுக்குத் திரையைக் காட்டுங்கள். நீலக் கோட்டின் மேல் புள்ளி ஊர்வதையும், ஜன்னலுக்கு வெளியே ஆற்றையும் ஒருங்கே காணும் பிள்ளைக்குப் பூகோளப் பாடம் வேறு வேண்டியதில்லை.

படத்தைப் பார்க்கத் தெரிந்தவர்க்கும் ஸ்டேஷன் பெயர் ஏமாற்றம் தருவதுண்டு. பெயரின் பின்னே ‘ரோடு’ என்ற சொல் இருந்தால், ஊர் அங்கே இல்லை, அங்கிருந்து ஊருக்குப் பாதை போகிறது என்று பொருள். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கியவர் மலையேற இன்னும் 80 கிலோமீட்டர் அளவில் போகவேண்டும். மந்திராலயம் ரோடும் அத்தகையதே. சேலமும் சின்னசேலமும் வேறு வேறு. சீட்டு வாங்குமுன் படத்தில் ஊரையும் ஸ்டேஷனையும் சேர்த்துப் பார்த்தால் இவை புலப்படும். பழைய கால அட்டவணைப் புத்தகம் மட்டும் இதைக் காட்டியதில்லை என்று நம் இலாகாவைச் சேர்ந்த நாமே ஒப்புக்கொள்கிறோம்.

இப்படங்களுக்கெல்லாம் மூலமான அளவை வேலை நம் சென்னையில் தொடங்கியது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். 1802-இல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் நூறடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் அளக்கப்பட்டது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள கோணமானி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் அதைத் தம் கையாலேயே பல வாரங்கள் முயன்று செப்பனிட்டார். 1823-இல் நம் மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில், வேலை முடியாமலே, காலமானார். சென்னையிலிருந்து தில்லி செல்லும் வண்டிகள் அவ்வூர் வழியே ஓடுகின்றன.

அளப்பவர் துரைமாராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஏரவாடாவிலேயே, ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்தின் உதவியால் குடிசைகளை அதே இடத்தில் வீடுகளாக எழுப்பியபோது, ‘மகிளா மிலன்’ பெண்கள் சந்து சந்தாக நடந்து குடும்பங்களைக் கணக்கெடுத்தனர். எந்தத் திண்ணை யாருடையது என்பது வானத்துக் கோளுக்குத் தெரியாது, அப்பெண்களுக்குத் தெரிந்தது.

நம் சொந்த ஊர்களிலும் அப்படிப்பட்ட சங்கதி ஒன்று இருக்கிறது. பஸ் நிற்கும் இடம் வரை படம் கொண்டு சேர்க்கும். அதற்கப்பால் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வண்டிப்பாதை, எந்த வேலியோரம் திரும்பவேண்டும், மழையானால் எந்த ஓடையைச் சுற்றிப் போகவேண்டும் என்பவை பாட்டனாருக்கு மட்டும் தெரியும். புனேயில் பிறந்த பேரன் அப்பாதையில் இரண்டு மூன்று தரமே, அதுவும் யார் தோளிலோ அமர்ந்து, போயிருப்பான். பாட்டனார் கண்மூடிவிட்டால் பொங்கல் வைக்கப் போகும் குடும்பம் காட்டின் நடுவே நின்று யாரைக் கேட்கும்? வேலிகள் மாறுகின்றன, நிலங்கள் மனைகளாகின்றன, பெரிய ஆலமரமும் வெட்டுப்படுகிறது.

ஆகவே இம்முறை ஊர் செல்லும் அன்பர்கள் முதியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாதையில் நடந்து செல்லுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அவ்விடத்தைக் குறித்துக்கொள்ள வழி வரும். ‘பனைமர முனை’, ‘கிணற்றடி’, ‘கோயில்’ என்று அவர் சொல்லும் பெயரையே தமிழில் இடுங்கள். ஆர்கானிக் மேப்ஸில் இக்குறிப்புகள் கைபேசியிலேயே தங்கும்; சிக்னல் வேண்டியதில்லை. ஆனால் கைபேசி பழுதானால் அவையும் போய்விடும். ஆதலால் திரும்பி வந்தவுடன் அவற்றை ஒரு கோப்பாக்கி, பம்பாயிலும் பெங்களூரிலும் இருக்கும் பங்காளிகளுக்கு அனுப்பி வையுங்கள். வாங்கியவர்கள் தங்கள் கைபேசியில் திறந்து பார்த்து, பெயர்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பதில் எழுதட்டும்.