வல்லான் வகுத்ததா வாய்க்கால்?

மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்பர். ஆனால், ஒரு சிலர் தமக்குள் எழுதிக்கொண்ட தீர்ப்பை மக்கள் தீர்ப்பென்று முத்திரை குத்தி வெளியிட்டால், அதனை எவருடைய தீர்ப்பென்று கொள்வது? இந்தக் கேள்வியை இன்று நாம் எழுப்புவது தேர்தற் பெட்டியைப் பற்றியன்று. வேலணைக் கமக்காரனும் யாழ்ப்பாணத்து வைத்தியரும் கனடாவிலுள்ள நம் ஊரவரும் கைத்தொலைபேசியில் நாள்தோறும் பார்க்கின்ற செய்தித் தளங்களைப் பற்றியே எழுப்புகின்றோம். இவற்றுள் ஒரு வகையில் பத்திரிகாசிரியர் என்று எவரும் இல்லை. வாசகரே செய்தியைக் கொணர்ந்து, வாசகரே வாக்களித்து, வாசகரே அதனை முதற் பக்கத்துக்கு ஏற்றுகின்றனர். ஆகவே இதுவே தூய சனநாயகம் என்று பறைசாற்றப்படுகின்றது. அந்தப் பறைக்குள் இருப்பது யாதென்று ஆராய்வது நமது கடமை.

முதற் சான்று அமெரிக்காவிலிருந்து வருகின்றது. 2004ஆம் ஆண்டின் இறுதியில் கெவின் ரோஸ் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் 'டிக்' என்னும் தளத்தைத் தொடங்கினர். எவரும் செய்தி சேர்க்கலாம், எவரும் வாக்களிக்கலாம், ஆளுக்கு ஒரு வாக்கு. கேட்பதற்கு எவ்வளவு இனிமை! ஆனால், 2006 யூலையில் வெளிவந்த ஒரு கணிப்பு அந்த இனிமையைக் கலைத்தது. முதற் பக்கத்தை எட்டிய செய்திகளுள் 56 வீதமானவை முன்னணியிலிருந்த நூறே நூறு உறுப்பினர் கொணர்ந்தவை என்று அது காட்டிற்று. பதிவுசெய்திருந்தோரோ இலட்சக்கணக்கானோர். நூறு பேர் பேசினர். இலட்சம் பேர் தாம் பேசியதாக எண்ணிக்கொண்டனர்.

இது எவ்வாறு நிகழ்ந்தது? கள்ள வாக்கினால் மட்டுமன்று. ஒருவர் செய்தியைச் சேர்த்தவுடன் அவருடைய நட்பு வட்டத்தார் அனைவரும் அதற்கு வாக்களிப்பர். மறுநாள் அவர் அவர்களுக்குக் கைம்மாறு செய்வார். வட்டத்துக்கு வெளியே நிற்பவனுடைய செய்தி எவ்வளவு பெறுமதியுடையதாயினும் எவர் கண்ணிலும் படாமல் மறையும். 2006 செப்ரெம்பரில், ஒரே வட்டத்தாரின் வாக்குகளுக்கு நிறை குறையுமாறு நிறுவனம் தன் கணக்கை மாற்றியபோது, முன்னணி உறுப்பினர் கொதித்தெழுந்தனர். 2007இல் முன்னணியாளர் பட்டியலே நீக்கப்பட்டது. நோய் தீர்ந்ததா? இல்லை. தமக்குப் பிடிக்காத அரசியற் செய்திகளைத் திட்டமிட்டுப் புதைக்கும் கூட்டமொன்று இயங்கிவந்தது 2010 ஓகஸ்டில் அம்பலமாயிற்று. அதே மாதத்தில் நிறுவனம் தளத்தையே மாற்றியமைத்து, பெரிய பத்திரிகை நிறுவனங்கள் தம் செய்திகளை நேரே கொட்டுவதற்கு வழி திறந்துவிட்டது. வெகுண்ட மக்கள் கூட்டங் கூட்டமாக வெளியேறினர். கோடிக்கணக்கான டொலருக்கு விலை பேசப்பட்ட அந்தத் தளம் 2012இல் ஏறத்தாழ ஐந்து இலட்சம் டொலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது.

இது வெள்ளையர் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று எவரும் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. தமிழில் 2004இல் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி, உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழ் எழுத்தை ஒரே முற்றத்தில் கூட்டிய அரும்பணியை ஆற்றியது. போரினால் வாய் கட்டப்பட்டிருந்த ஈழத் தமிழனுக்கும் அங்கே இடம் கிடைத்தது. அந்த நன்றியை நாம் மறவோம். ஆயினும், வாசகர் வாக்கு முறை வந்தபின், அங்கும் 'தமிழிஷ்' போன்ற தளங்களிலும் நடந்ததென்ன? 'நீ எனக்கு வாக்கிடு, நான் உனக்கு வாக்கிடுகின்றேன்' என்ற பண்டமாற்று, தமிழ்நாட்டுக் கலியாண வீட்டு மொய்யைப் போன்று வளர்ந்தது. கட்டுரையைப் படியாமலே வாக்களிப்போர் பெருகினர். எழுத்து நன்றா என்ற கேள்வி போய், எழுதியவன் நம்மவனா என்ற கேள்வி வந்தது. சாதிக்கும் கட்சிக்கும் பழகிப்போன கை, புதிய விசையையும் பழைய விதமாகவே அழுத்திற்று!

இத்தகைய தளங்களில் முந்துகின்றவனே வெல்லுகின்றான் என்பதையும் கவனித்தல் வேண்டும். 'ரெடிட்' என்னும் பெருந்தளம் முன்பு வெளிப்படையாக வைத்திருந்த கணக்கின்படி, ஒரு செய்திக்கு விழும் முதற் பத்து வாக்குக்குள்ள வலிமை, அடுத்து விழும் தொண்ணூறு வாக்குக்குத்தான் உண்டு. 2013இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆராய்ச்சியொன்று, ஒரு கருத்துக்குத் தொடக்கத்திலேயே செயற்கையாக ஒரு ஆதரவு வாக்கை இட்டுவைத்தால், அதன் இறுதி மதிப்புச் சராசரியாக 25 வீதம் உயர்ந்துவிடுகின்றது என்று கண்டது. முதல் வாக்கைக் கண்டவன் இரண்டாம் வாக்கை இடுகின்றான். ஆகவே, பொழுதெல்லாம் திரைக்கு முன்னே அமர்ந்திருக்க வசதியுள்ள பத்துப் பேர், ஊரின் வாக்கை ஊர் விழிக்குமுன்னரே எழுதி முடித்துவிடலாம்.

நமது தீவகத்தை எண்ணிப் பாருங்கள். இரவிற் கடலுக்குச் சென்ற மீனவன் விசையை அழுத்துவது எப்பொழுது? தோட்டத்துக்கு நீர் இறைப்பவன் அழுத்துவது எப்பொழுது? குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்துநிற்கும் நோயாளி அழுத்துவது எப்பொழுது? வலிமையுள்ளவன் எழுப்பும் கேள்வியே கேள்வியாகின்றது என்பதற்கு ஒன்று சொல்வோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் தரும் திட்டம் 2021இல் சீன நிறுவனமொன்றுக்கு அளிக்கப்பட்டது. பின் அது கைவிடப்பட்டு, 2022இல் இந்தியாவின் நன்கொடைத் திட்டமாயிற்று. 2024 மார்ச் முதலாந் திகதி ஒப்பந்தம் ஒப்பமிடப்பட்டது. இத்தனை ஆண்டும் உலகம் இதைப் பற்றிப் பேசியது பெரிதும் இரு வல்லரசுகளின் போட்டியாகவே. தீவிலுள்ள வீட்டுக்கு எத்தனை மணிநேரம் விளக்கெரியும், மீனுக்குப் பனிக்கட்டி கிடைக்குமா என்ற கேள்விகள் அடியிலே கிடந்தன. இது பழைய பத்திரிகை உலகத்தின் குறை. அக்குறையைப் போக்க வந்தோம் என்று சொல்லும் புதிய தளங்களும் அதையே செய்யுமாயின், அவற்றால் நமக்கு ஆவதென்ன?

'உழைக்கின்றவனுக்கு அதிக இடம் கிடைப்பது நியாயந்தானே?' என்று வாதிடுவோர் உளர். உழைப்பை நாம் இகழவில்லை. நாளெல்லாம் தேடி நல்ல செய்தி கொணர்பவன் போற்றத்தக்கவன். அவனுக்கு நன்றி சொல்லுங்கள், மாலையும் சூட்டுங்கள். ஆனால், உழைப்புக்குக் கூலி வேறு, ஆட்சியுரிமை வேறு. இந்த வாதம் நமக்குப் புதியதுமன்று. 1911இல் 'படித்த இலங்கையர்' தொகுதிக்குத் தேர்தல் நடந்தபோது, இந்நாடு முழுவதிலும் வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ மூவாயிரம் பேரே. 1931இல் சர்வசன வாக்குரிமை வருமுன், பாமரனுக்கு வாக்கா என்று நம்மவருள்ளும் பெரியோர் சிலர் எதிர்த்தனர். இங்கிலாந்திலேயே பட்டதாரிக்கும் வணிகனுக்கும் இரண்டாவது வாக்கு இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டமே அதனை ஒழித்தது. ஒருவனுக்கு ஒரு வாக்கு என்பது எவரும் தாமாக இரங்கிக் கொடுத்த கொடையன்று, போராடிப் பெற்றது. அதனைக் கணக்குச் சூத்திரத்தின் பின்கதவால் இழப்பதற்கு நாம் உடன்படோம்.

ஆனால், இந்த வழக்கில் எதிரி ஒருவன் மட்டுமல்லன். முன்னணி உறுப்பினரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் தள முதலாளி நீதிபதி ஆசனத்தில் அமர்ந்துகொள்வதை நாம் ஏற்கமாட்டோம். 2023 யூனில் ரெடிட் நிறுவனம் வெளியார் செயலிகளுக்குப் பெருங் கட்டணம் விதித்தபோது, ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைத்துப் போராடின. கூலியின்றிக் குழுக்களைக் காத்துவந்த நெறியாளரை, பரம்பரை நிலப்பிரபுக்களுக்கு ஒப்பிட்டுப் பேசினார் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஹஃப்மன். உறுப்பினர் வாக்களித்து அவர்களை நீக்க வழி வேண்டும் என்றும் சொன்னார். கதவைத் திறவாதோரை அகற்றிவிடுவோம் என்று நிறுவனம் எச்சரித்தது. நல்லது! நெறியாளரை மக்கள் வாக்கால் நீக்கலாமெனில், முதலாளியை எந்த வாக்கால் நீக்குவது? வாக்கைக் கணக்கிடும் நிரலை 2017இலிருந்து வெளியிடாமற் பூட்டிவைத்தவர் யார்? 1963இல் விதானைமார் பதவி ஒழிந்தபோது, அவர்களுடைய அதிகாரத்தை முகந்தெரியாத ஒரு சமீன்தாரிடம் ஒப்படைத்திருந்தால் அதனை விடுதலையென்று எவரேனும் கொண்டாடியிருப்பரோ?

'அது தனியார் சொத்து. பிடிக்காவிடில் போய்விடு' என்பது அடுத்த வாதம். சட்டம் இவ்வாதத்தை என்றோ புறக்கணித்துவிட்டது. சிக்காக்கோ நகரத்துத் தானியக் களஞ்சிய முதலாளிகளும் இதையே வாதிட்டனர். பொதுமக்கள் அனைவரும் தங்கியிருக்கும் ஒரு தொழிலுக்குத் தன் சொத்தை ஈடுபடுத்துபவன் பொது நலன் கருதிய கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவனே என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் 1877இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பினாற் பயன்பெற்றவர் கமக்காரர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே மக்களை ஏற்றும் பாதை, தனக்கு வேண்டியவரை முன்னே ஏற்றி மற்றவரைக் கரையில் விட்டால் பொறுப்போமா? செய்தியும் இன்று ஒரு பாதையே.

பரிகாரம் உண்டா? உண்டு, அதற்கு நாம் மேனாட்டை மட்டும் பார்க்கத் தேவையில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள், 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முன்னைய மூன்றாண்டுகளில் வாரியத்திலிருந்தவன் மீண்டும் வரலாகாது. கணக்குக் காட்டாதவன் வரலாகாது; அவனுடைய உறவினனும் வரலாகாது. நிலமும் கல்வியும் உடைய அந்தணருக்கே அம்முறை உரியதாயிருந்தது என்பதை நாம் மறைக்கவில்லை. அந்த வேலியை நாம் ஏற்கவுமில்லை. ஆயினும், அதிகாரம் ஒரே கையில் உறைந்துவிடலாகாது என்ற அறிவு அங்கே இருந்தது. அமெரிக்காவின் 'சிலாஷ்டொட்' தளமும் வாசகருள் சிலரைக் குலுக்கல் முறையிற் போலத் தெரிந்து, அளவான மதிப்பீட்டுப் புள்ளிகளைச் சில நாளுக்கு மட்டுமே கொடுத்தது. தான் கருத்துரைத்த விவாதத்தில் ஒருவன் மதிப்பீடு செய்ய இயலாது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகலாகாது என்ற நீதியன்றோ இது!

எனவே நாம் கோருவது நான்கு. வாக்கு எவ்வாறு எண்ணப்படுகின்றது என்ற விதி பகிரங்கமாதல் வேண்டும். உடன்படிக்கை செய்து ஒருமித்து விழும் வாக்குகளுக்கு நிறை குறைதல் வேண்டும். நெறியாளர் பதவிக்குக் காலவரையறையும் கணக்குக் காட்டும் கடமையும் வேண்டும். ஒருவனுடைய செய்தி நீக்கப்படுமாயின், அவனுடைய மொழியிலேயே காரணங் கூறி, வேறொருவரிடம் முறையிட வழிவிடல் வேண்டும். எந்தச் சாதாரண நீதிமன்றத்திலும் ஆடு திருடியவனுக்குக்கூடக் கிடைக்கும் உரிமைகளுக்கு மேலாக இவற்றுள் ஒன்றுமில்லை.

இவற்றை அமெரிக்க முதலாளி நாளைக்கே தந்துவிடுவார் என்று நாம் கனாக் காணவில்லை. ஆனால், நமது கைக்கு எட்டியவை உள்ளன. நமது ஊர்ச் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் புலம்பெயர்ந்தோர் மன்றங்களும் நடத்துகின்ற செய்திக் குழுக்களில் நெறியாளர் எவர், எவ்வளவு காலம், எந்த விதியின் கீழ் என்று அடுத்த பொதுக்கூட்டத்திலேயே கேளுங்கள். விதி எழுதப்பட்டிராவிடின் எழுதுவியுங்கள். படித்துப் பாராமல் நண்பனுக்காக ஒரு வாக்கும் இடாதீர்கள். தீவகத்தில் வாய்க்கால் பாய்வதில்லை. மாரி மழையையும் நன்னீர்க் கிணற்றையும் நம்பி வாழ்கின்றோம். பொதுக் கிணற்றில் எவன் முதலில் வந்தாலும் முறைப்படியே நீர் அள்ளவேண்டும் என்பதை அறியாதவர் நம்மில் இலர். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பது பழைய உலகத்தின் வழக்கு. பொதுக் கிணற்றின் முறையே நமது சட்டமாகுக!