குளிரில் ஃபில்டர் ஏன் அழுது வடிகிறது?

மார்கழி பிறந்தால் போதும், ஊட்டியில் இருக்கும் என் தங்கை மகள் புலம்ப ஆரம்பித்துவிடுவாள்: "பெரியம்மா, ஃபில்டர்ல தண்ணியே இறங்க மாட்டேங்குது. கேண்டிலைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கை ஓய்ஞ்சு போச்சு!"

பாவம், கேண்டில் மேல் குற்றமில்லை. தேன் குளிரில் கெட்டியாக நகரும்; இளஞ்சூட்டில் ஓடும். தண்ணீருக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைப் 'பாகுநிலை' என்கிறார்கள். சூடு குறையக் குறைய இது கூடும். கேண்டிலின் நுண்ணிய துளைகளில் தண்ணீர் நுழைய நேரமாகும். 30 டிகிரியில் 5 மணி நேரத்தில் இறங்கும் தண்ணீர், 10 டிகிரியில் இறங்கச் சுமார் 8 மணி நேரம் பிடிக்கும்.

அதற்காகத் தினமும் தேய்க்காதீர்கள். கேண்டில் தேய்ந்து கீறல் விட்டால் கிருமிக்கு வழி திறந்த மாதிரிதான். வெந்நீரும் ஊற்ற வேண்டாம், விரிசல் விடலாம். ராத்திரியே மேல் பாத்திரத்தை நிரப்பி வையுங்கள், காலையில் தண்ணீர் தயார். வெயில் நாளிலும் சொட்டுச் சொட்டாக விழுந்தால் அடைப்பு என்று சந்தேகப்படலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள், தாய்மார்களே! அவசரத்துக்கு என்று குழாய்த் தண்ணீரை அப்படியே குழந்தைக்குக் கொடுத்துவிடக் கூடாது. 6 மாதம் தாண்டிய குழந்தைக்கு, வடிகட்டிய தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆற்றியே புகட்டுங்கள்.