பொருளில் வேகம், பதிலில் தாமதம்

பெருநகரங்களில் வியாபாரத்தின் போக்கு சென்ற சில வருஷங்களில் வெகுவாக மாறியிருக்கிறது. உலை கொதிக்கும்போது வீட்டில் உப்பு இல்லை என்று கண்டால், கைபேசியில் விரலை வைத்த கால்மணி நேரத்துக்குள் உப்பு வாசலுக்கு வந்துவிடுகிறது. உப்பு மட்டுமா? போன மாதம் வாங்கிய பருப்பு இந்நேரம் தீர்ந்திருக்குமே என்று கடையே ஞாபகமூட்டுகிறது. ‘உங்களுக்கென்றே’ பொறுக்கியெடுத்த சாமான்களின் ஜாபிதா ஒன்றும் கண்முன் விரிகிறது. ஒவ்வொரு வாடிக்கைக்காரரையும் தனித்தனியே அறிந்து, அவருடைய தேவையை அக்கணமே பூர்த்தி செய்வதுதான் இனி வியாபாரத்தின் லட்சியம் என்று முதலாளிகள் முழங்குகிறார்கள். லட்சியம் சிறந்ததே. ஆனால் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். பத்து நிமிஷத்தில் பால் கொண்டுவரும் கம்பெனி, அந்தப் பால் கெட்டிருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க எத்தனை நிமிஷம் எடுத்துக்கொள்கிறது? தேவையை உடனே பூர்த்தி செய்வதாகச் சொல்லும் எவரையும் அளப்பதற்குரிய கோல் இதுவேயாகும்.

வாடிக்கைக்காரரை அறிவது புதிய வித்தை அன்று. நம் ஊர் மளிகைக் கடைக்காரர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பயிலாமலே அதில் கைதேர்ந்தவர். எந்த வீட்டில் புழுங்கலரிசி, எந்த வீட்டில் பச்சரிசி, யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு எந்தத் தேதியில் சம்பளம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவசரமென்றால் பையனிடம் சாமானைக் கொடுத்தனுப்பிவிட்டுப் பற்று நோட்டில் எழுதிக்கொள்வார். அந்தக் கணக்கின் பிரதி வாடிக்கைக்காரர் வீட்டிலும் இருக்கும். ஐயம் வந்தால் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துவிடலாம். சாமானில் பழுது இருந்தால் மறுநாள் காலையில் கடைக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லலாம். அவர் நம்மை அறிந்திருந்தார். நாமும் அவரை அறிந்திருந்தோம்.

யந்திரம் இந்த அறிவைக் கோடிக்கணக்கான ஜனங்களுக்கு விரித்திருக்கிறது. இங்கிலாந்தில் டெஸ்கோ என்னும் கம்பெனி 1995-இல் வாடிக்கை அட்டை ஒன்றை வழங்கி, யார் எதை வாங்குகிறார் என்று குறித்துவைக்கத் தொடங்கிற்று. அமேஸான் கம்பெனியைச் சேர்ந்த மூவர் 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டுத் தங்கள் முறையை விளக்கினார்கள். மனிதரை மனிதரோடு ஒப்பிடாமல் பொருளைப் பொருளோடு ஒப்பிடுவதே அதன் சூட்சுமம். இந்தப் பொருளை வாங்கியவர்கள் வேறு எதை வாங்கினார்கள் என்ற அட்டவணையை முன்கூட்டியே தயாரித்து வைத்துவிட்டால், கடைக்குள் நுழைந்தவருக்கு வேண்டியதைக் கண்மூடித் திறப்பதற்குள் எடுத்துக் காட்டலாம் அல்லவா?

நம் தேசத்துக் கம்பெனிகள் இதற்கு மேலும் ஒரு படி சென்றிருக்கின்றன. 2013-இல் குரோஃபர்ஸ் என்று தொடங்கி 2021-இல் பெயர் மாறிய பிளிங்கிட்டும், ஸ்விக்கி 2020-இல் ஆரம்பித்த இன்ஸ்டாமார்ட்டும், 2021-இல் பிறந்த ஸெப்டோவும், பேட்டைதோறும் ஜனங்கள் உள்ளே நுழையாத சிறு கிடங்குகளை அமைத்தன. அந்தப் பேட்டையில் எது எந்த வேளையில் விற்கும் என்று பழைய கணக்கிலிருந்து ஊகித்து, கேட்பவர் கேட்குமுன்பே பொருளை அங்கே கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். ஆகவே வேகத்தின் ரகசியம் மோட்டார் சைக்கிளில் மட்டும் இல்லை; முன்னறிவிலும் இருக்கிறது. அறிதலும் விரைதலும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள்.

இதனால் விளையும் நன்மையை நாம் குறைத்துப் பேசவில்லை. தனியே வாழும் முதியவருக்கும், கைக்குழந்தையை விட்டு நகர முடியாத தாய்க்கும், நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்கும் இது பேருதவி. ஆனால் நம்மைப் பற்றித் திரட்டிய அறிவு நமக்குச் சேவை செய்யப் பயன்படுகிறதா, நம் பலவீனத்தைக் கண்டு பணம் பறிக்கப் பயன்படுகிறதா என்பதுதான் விஷயம்.

ஒரே பிரயாணத்துக்குக் கைபேசியின் ரகத்தைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் கேட்கப்படுகிறது என்று எழுந்த புகார்களின் மேல், 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா, ஊபர் கம்பெனிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இரு கம்பெனிகளும் அதை மறுத்தன. அந்தப் புகாரின் உண்மை எப்படியாயினும், அப்படிச் செய்வதற்கு யந்திரத்துக்கு வசதி உண்டு என்பதை யார் மறுக்க முடியும்? ‘உங்களுக்கென்றே தனிச் சேவை’ என்பது ‘உங்களுக்கென்றே தனி விலை’ என்று மாற வெகு நேரம் ஆகாது. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, இல்லாத அவசரத்தைக் காட்டிப் பதற வைப்பது, கடைசி நொடியில் கட்டணங்களை ஒவ்வொன்றாய் ஏற்றுவது, சேர்வதை எளிதாக்கி விலகுவதைச் சிக்கலாக்குவது முதலான பதின்மூன்று தந்திரங்களைக் குறிப்பிட்டு, 2023 நவம்பரில் மத்திய சர்க்கார் தடை செய்ததும் இதனாலேயே. அதே வருஷம் மே மாதத்தில், கைபேசி எண்ணைக் கொடுத்தால்தான் பில் போடுவோம் என்று கடைகள் வற்புறுத்தலாகாது என்றும் சர்க்கார் எச்சரித்தது. எண் வேண்டுமென்றால் கேட்கட்டும். கொடுப்பதும் மறுப்பதும் வாங்குகிறவரின் இஷ்டம்.

அந்தரங்கம் ஒவ்வொரு பிரஜையின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-இல் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதையொட்டி 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளிவந்தன. நம்மைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், தவறைத் திருத்தச் சொல்லவும், வேண்டாததை அழிக்கச் சொல்லவும் இச்சட்டம் இடந்தருகிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்தப் பாஷையிலும் படிக்க வசதி தரவேண்டும் என்றும் விதிக்கிறது. தமிழும் அவற்றில் ஒன்று. எனினும் முக்கியமான கடமைகள் அமலுக்கு வரக் கம்பெனிகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் அளித்திருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் பருப்பு கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு, கணக்கைக் காட்டப் பதினெட்டு மாதம் வேண்டியிருக்கிறது!

இனி, பதில் சொல்லும் விஷயத்துக்கு வருவோம். 2020-ஆம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி, வாடிக்கைக்காரரின் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பணம் வாங்குவதற்கு நொடி. பொருள் கொடுப்பதற்கு நிமிஷம். குறை தீர்ப்பதற்கு மாதம். இது சட்டம் வகுத்த வெளி எல்லைதானே தவிர, மாதக் கணக்கில் காக்க வைக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஆயினும் எல்லையையே வழக்கமாக்கிக்கொள்ளும் கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றிடம் குறை சொல்லப் போனால் முதலில் வரவேற்பது ஒரு யந்திரம். அது நம் பெயரைச் சொல்லி உபசரிக்கிறது, வருந்துகிறது, நன்றி கூறுகிறது, நாம் கேட்டதைத் தவிர மற்றெல்லாவற்றுக்கும் பதில் தருகிறது. மனிதரோடு பேச வேண்டுமென்றால் வழி தெரிவதில்லை. தமிழில் பேச வேண்டுமென்றால் அது இன்னும் அரிது.

யந்திரத்தின் பின்னே ஒளிந்துகொள்ள முடியாது என்பதற்குக் கனடாவில் நடந்த வழக்கு ஒன்று நல்ல பாடம். 2022-இல் பாட்டியை இழந்த ஒருவர், துக்கப் பிரயாணத்துக்கான சலுகையைப் பற்றி ஏர் கனடா கம்பெனியின் பதில் யந்திரத்தைக் கேட்டார். டிக்கெட் வாங்கிய பின்னரும் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அது சொல்லிற்று. அதை நம்பி வாங்கியவருக்கு, அப்படி ஒரு விதியே இல்லை என்று கம்பெனி கையை விரித்தது. யந்திரம் சொன்னதற்கு யந்திரமே பொறுப்பு என்ற ரீதியில்கூட அது வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தள்ளி, சுமார் 812 கனடா டாலர் கொடுக்கும்படி உத்தரவிட்டது. தொகை சிறிது; தத்துவம் பெரிது. கடைப்பையன் கொடுத்த வாக்குக்கு முதலாளி கட்டுப்பட்டவர் என்றால், கடை யந்திரம் கொடுத்த வாக்குக்கும் அவர் கட்டுப்பட்டவரே.

ஸ்வீடன் தேசத்துக் கிளார்னா கம்பெனியின் அனுபவமும் கவனிக்கத் தக்கது. எழுநூறு ஊழியர்களின் வேலையைத் தன் யந்திரம் செய்கிறது என்று 2024-இல் அது பெருமையடித்துக்கொண்டது. செலவைக் குறைப்பதிலேயே கண்ணாயிருந்ததால் சேவையின் தரம் தாழ்ந்தது என்று அதன் தலைவரே 2025-இல் ஒப்புக்கொண்டு, மீண்டும் மனிதர்களை நியமிக்க முற்பட்டார். வழக்கமான கேள்விக்கு யந்திரம் போதும். வழக்கம் தவறியவிடத்தில் மனிதர் வேண்டும். வாடிக்கைக்காரருக்கு மெய்யான அவசரம் நேர்வதும் அவ்விடத்திலேதான்.

மனமிருந்தால் உடனே குறை தீர்க்கலாம் என்பதற்கு நம் தேசத்திலேயே உதாரணம் உண்டு. யூ.பி.ஐ. மூலம் அனுப்பிய பணம் நம் கணக்கில் கழிந்து மற்றவர் கணக்கில் சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகவே திரும்பி வரவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது. வாடிக்கைக்காரர் மனுப்போட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. வியாபாரத்திலும் இம்முறை ஏன் கூடாது? ரிட்ஸ்-கார்ல்ட்டன் ஹோட்டல்களில், விருந்தினரின் குறையைத் தீர்க்க இரண்டாயிரம் டாலர் வரை மேலதிகாரியைக் கேளாமலே செலவிடும் அதிகாரத்தைச் சாதாரண ஊழியருக்கும் கொடுத்திருப்பது பிரசித்தம். அதிகாரம் இல்லாத ஊழியர் எத்தனை இனிமையாகப் பேசினாலும் என்ன பயன்? உடனடிச் சேவை என்பது எதிரே நிற்கும் ஊழியருக்கு முடிவு செய்யும் உரிமை கொடுப்பதேயாகும்.

வேகத்தின் பாரத்தை யார் சுமக்கிறார் என்பதையும் மறக்கலாகாது. முன்னறிவில் பிசகிய கம்பெனி, இழந்த நிமிஷங்களைத் தெருவில் வண்டியோட்டும் இளைஞனைக் கொண்டு ஈடுகட்டப் பார்த்தால் அது அநீதி. 2025 நவம்பர் 21 முதல் அமலிலுள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இத்தகைய தொழிலாளரை ஏற்று, அவர்களுடைய நலனுக்காகக் கம்பெனிகளின் வருஷ வரவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை ஒதுக்கச் சொல்கிறது. இது ஏட்டோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது சர்க்காரின் கடமை.

வியாபாரிகளுக்கு நாம் கூறுவது இது. ஒளிந்து பார்த்து ஊகிப்பதைவிட நேரே கேட்டு அறியுங்கள். அறிந்ததை வாடிக்கைக்காரருக்கும் காட்டுங்கள். சேவை ஆளுக்கு ஆள் மாறலாம், விலை மாறலாகாது. குறை சொல்ல வருகிறவருக்கு அவருடைய பாஷையில் பேசும் மனிதர் ஒருவரை வையுங்கள். அவருக்கு அதிகாரமும் கொடுங்கள். கோடிக்கணக்கில் முதலில்லாத சிறு கடைக்காரரும் இவற்றைச் செய்யலாம். பெரிய கம்பெனியைவிட நன்றாகவே செய்யலாம். அவருடைய முகமே அவருக்கு மூலதனம்.

வாடிக்கைக்காரர்களுக்கும் கடமை உண்டு. குறைந்த தொகைதானே என்று விட்டுவிடும் ஒவ்வொரு புகாரும் கம்பெனியின் லாபத்தில் சேருகிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் பதினேழு பாஷைகளில் புகார் கேட்கிறது. தமிழிலேயே புகார் சொல்லுங்கள். தமிழிலேயே பதில் கேளுங்கள். நம் ருசியை அறிந்த கம்பெனி நம் குறையையும் அறியட்டும். பொருள் வந்த வேகத்திலேயே நியாயமும் வரவேண்டும் என்று ஜனங்கள் வற்புறுத்தாதவரையில், ‘உங்களுக்கென்றே’ என்ற வார்த்தை வெறும் விளம்பரமாகவே இருக்கும்.