14 நாள் நோட்டீஸ்

சைதாப்பேட்டை நீதிமன்றத்துப் பக்கம் போயிருந்தபோது ஒரு வக்கீல் நண்பர் என்னை மடக்கினார். இலங்கைப் போரைப் பற்றிய பேச்சு. "புலிகள் ஒப்பந்தத்தை மீறினார்கள், அரசு யுத்தத்தைத் தொடங்கியது. சட்டப்படி இதில் என்ன ஸார் தப்பு?" என்றார்.

"ராஜியான வழக்கில் குடித்தனக்காரன் சொன்னபடி வாடகை தராவிட்டால் வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?"

"நிறைவேற்று மனுப் போடலாம். அமீனா வருவார்."

"தடியோடு போகலாமா?"

"போனால் இவர் மேலேயே கேஸ்!"

வாடகை தராதவனுக்கே இவ்வளவு பாதுகாப்பு. ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத வன்னிக் குடும்பங்களுக்கு? நண்பர் டீயை ஆற்ற ஆரம்பித்தார்.

அவர் கட்சிக்கு ஏடு இல்லாமல் இல்லை. ஒரு தரப்பு கடுமையாக மீறினால் மறு தரப்பு போர்நிறுத்தத்தை முறிக்கலாம், அவசரமானால் உடனே சண்டையும் தொடங்கலாம் என்கிறது 1907-ஆம் வருஷத்து ஹேக் விதிகளின் 40-வது பிரிவு. போர் தொடுப்பது ராஜாக்களின் உரிமையாக இருந்த காலம் அது! 1945-ல் ஐ.நா. சாசனம் வந்து, தற்காப்புக்கும் பாதுகாப்பு சபையின் அனுமதிக்கும் அப்பால் படையெடுப்பதைத் தடுத்துவிட்டது. ஆனாலும் 1991-ன் 687-ஆம் தீர்மானத்தை இராக் மீறியது என்று சொல்லி அமெரிக்காவும் பிரிட்டனும் 2003-ல் புகுந்தன. தீர்மானம் போட்டது சபை. தண்டனை விதித்தது இரண்டு அங்கத்தினர்கள். சாசனப்படி அது சட்டவிரோதம் என்று மறு வருஷம் கோஃபி அன்னானே சொன்னார்.

உள்நாட்டுப் போருக்கு இந்த ஏடுகள் நேராகப் பொருந்தா. அங்கே சட்டம் என்றால் 2002 பிப்ரவரியில் ரணில் விக்கிரமசிங்கவும் பிரபாகரனும் கையெழுத்திட்ட ஒப்பந்தந்தான். கண்காணிப்புக் குழு எண்ணிய மீறல்களில் புலிகளுடையவையே மிக மிக அதிகம். இதைச் சொல்ல நம்மவர்கள் கூசுகிறார்கள், சொல்லத்தான் வேண்டும். விலக விரும்பும் தரப்பு நார்வேக்கு 14 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வாசல் இருந்தது. அரசு 2008 ஜனவரியில் கொடுத்தது. 16-ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது. சட்டம் பூர்த்தி!

ஆனால் 2006 ஜூலையில் மாவிலாறு மதகைப் புலிகள் மூடியதிலிருந்தே விமானமும் பீரங்கியும் பேசிக்கொண்டிருந்தன. உழவனின் தண்ணீரை மறித்தது குற்றமே. மதகைத் திறப்பது ஒரு காரியம். அதைச் சாக்கிட்டு மாகாணத்தையே போர்க்களமாக்குவது வேறு காரியம். 2007-ல் கிழக்கு கைமாறிய பிறகு வந்த நோட்டீஸ், வீட்டை இடித்துவிட்டுக் காலி செய்யச் சொன்ன கதை.

"அமீனா இல்லாத ஊரில் வேறென்ன செய்வது?" என்றார் நண்பர், டீக்காசைக் கொடுத்தபடி.

நியாயமான கேள்வி. எண்ணுவதற்கு ஒரு குழுவை வைத்தவர்கள், தடுப்பதற்கு ஓர் அமீனாவை 2002-லேயே ஏன் வைக்கவில்லை என்று இரண்டு தரப்பையும் கேட்டிருக்க வேண்டும்.